தலைவர் தலையசைத்த பழம்

மாப்பிள்ளை தினமும் காலை ஆறேகாலுக்கெல்லாம் வந்துவிடுவார். மஞ்சள் மூக்கு, மஞ்சள் கால், பெண் பார்க்க வந்தவர் போன்ற நடை. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து இடப்பக்கம் ஒரு பார்வை, வலப்பக்கம் ஒரு பார்வை. பிறகு இறங்கி வந்து, இருக்கிற ஸ்ட்ராபெரிகளில் எது நன்றாகச் சிவந்திருக்கிறதோ அதில் ஒரே ஒரு கொத்து. மீதியை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பழத்துக்குப் போய்விடுவார். முழுசாகத் தின்றாலாவது மனசு ஆறும். எல்லாவற்றையும் தொட்டு எச்சில் பண்ணிவிட்டு, உப்பு கம்மி என்று சொல்லாத குறையாகப் பறந்து போவார். அதனால்தான் அந்த மைனாவுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள் தையல்காரம்மா.

அவளுடைய கணவர் பல்செட்டுக்காரர். பல் டாக்டர் அல்ல. அதை அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து, பெயர் எழுதாமல் ஒரு எண் மட்டும் போட்டு அனுப்புவார்கள். இவர் தெருக்கோடியில் உள்ள ஒற்றை அறைப் பட்டறையில் மெழுகு வைத்து, பல் அடுக்கி, ஈறு நிறத்தில் அக்ரிலிக் வார்த்து, கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு அனுப்புவார். பெயர் டாக்டருக்கு. அது பற்றி அவருக்கு வருத்தம் இல்லை என்று அவர் சொல்லுவார்.

தையல்காரம்மா யூனிஃபார்ம் கம்பெனி ஒன்றில் துணி வெட்டும் மேஜையில் எட்டு மணி நேரம் நிற்பவள். நாளெல்லாம் நீல டிரவுசர், நீல டிரவுசர், நீல டிரவுசர். அவளுக்கென்று இருந்த சிவப்பு நிறம் மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மூலையில்தான் இருந்தது. பழைய பெயிண்ட் வாளிகள் பதின்மூன்று, விரிசல் விட்ட குழந்தைக் குளியல் தொட்டி ஒன்று, எல்லாவற்றிலும் ஸ்ட்ராபெரி. வேலைக்குப் போகும் முன் அரை மணி நேரம் அங்கே குந்தி உட்கார்ந்திருப்பாள். அந்த அரை மணி நேரத்தில் அவளை யாரும் எதுவும் கேட்கக் கூடாது. கணவர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போய்விட வேண்டும். இருபத்திரண்டு வருட இல்லறத்தில் அவர் கற்றுக்கொண்ட மிக உயர்ந்த ஞானம் அது.

அந்த மூலைக்குத்தான் ஆபத்து வந்தது.

குடியிருப்போர் சங்கத் தலைவர் ஏதோ ஒரு வாரியத்தில் இணை இயக்குநராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான், உரையாற்றுவதிலிருந்து அல்ல. பன்னிரண்டு வீடுகள் உள்ள கட்டடத்தில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் என்றாலும் "நாம் இன்று ஒரு வரலாற்றுத் திருப்புமுனையில் நிற்கிறோம்" என்றுதான் தொடங்குவார். எந்தக் கூட்டமானாலும் முடிவில் தன் பற்களைப் பற்றி இரண்டு வார்த்தை உண்டு. "எழுபத்திரண்டு வயசு. முப்பத்திரண்டும் சொந்தம். ஒழுக்கம்! வேற ஒண்ணும் இல்லை."

இதைக் கேட்கும்போதெல்லாம் பல்செட்டுக்காரர் தன் செருப்பைக் குனிந்து பார்ப்பார். காரணம், தலைவரின் மேல்வரிசைப் பதினான்கு பல்லும் அவர் கட்டியது. எண் நானூற்றுப் பன்னிரண்டு. வரிசை நேராக இருந்தால் வேலி மாதிரி இருக்கும் என்று இடது கோரைப்பல்லை மட்டும் ஒரு நூல் திருப்பி வைத்திருந்தார். ஆறு மாதத்துக்கு முன் தலைவர் பதவியேற்றுச் சிரித்தபோது, இவர் திருப்பிவைத்த கோரைப்பல் இவரையே பார்த்துச் சிரித்தது. அன்று முதல் மனசுக்குள் தலைவருக்கு நானூற்றுப் பன்னிரண்டு என்றுதான் பெயர். ஆனால் ஒருவரிடமும், பெண்டாட்டியிடம்கூட, மூச்சு விட்டதில்லை. அடுத்தவர் வாய்க்குள் இருப்பது அடுத்தவர் விஷயம்.

அந்தப் புதன்கிழமைக் கூட்டம் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் நடந்தது. தலைவர் நின்றபடி பேசினார்.

"பொது இடம் என்பது பொதுப் பயனுக்கு உரியது. தொட்டிப் பக்கத்து மூலையில் ஒரு சிந்தனை இருக்கை அமைக்கலாம் என்பது என் எண்ணம். பளிங்கில். என் பேரு போடணும்னு நான் சொல்லலை. போட்டா தடுக்கவும் மாட்டேன்."

"சார், அங்க என் செடி இருக்கு" என்றாள் தையல்காரம்மா.

"இருக்கும்மா. செடி இருக்கு, வாளி இருக்கு, மண்ணு இருக்கு. பயன்? ரெண்டு வருஷத்துல நீங்க ஒரு முழுப் பழம் சாப்பிட்டிருக்கீங்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க."

அவள் சாப்பிட்டதில்லை. மாப்பிள்ளை சாப்பிட்ட மிச்சத்தைத்தான் கத்தியால் சீவிச் சாப்பிட்டிருக்கிறாள். அவள் முகத்தைப் பல்செட்டுக்காரரால் பார்க்க முடியவில்லை. மறுபடி செருப்பைப் பார்த்தார்.

"அடுத்த வாரம் போய் அதுக்கடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு மாடிக்கு வாங்க சார்" என்றாள் திடீரென்று. "இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. ஒரு தட்டு நிறையப் பழம் வைக்கிறேன். குத்தாத பழம், கொத்தாத பழம். வைக்கலேன்னா நானே வாளியைத் தூக்கிக் கீழ வெச்சிடறேன்."

"எழுதிக்கங்க" என்றார் தலைவர். சங்கச் செயலாளர் எழுதிக்கொண்டாள். அவள் கோர்ட்டில் சுருக்கெழுத்து வேலை பார்ப்பவள். பக்கத்தில் யாராவது தும்மினால்கூடக் குறித்துவைக்கும் பழக்கம் கைக்கு வந்துவிட்டிருந்தது.

"கடையில பறவை வலைக் கூண்டு விக்குது" என்று தலைவர் போகிற போக்கில் ஒரு விலை சொன்னார். அந்த விலைக்கு ஸ்ட்ராபெரி வாங்கினால் கட்டடம் முழுக்கக் குளிக்கலாம்.

காசு செலவழிக்காமல் என்னென்ன உண்டோ அத்தனையும் நடந்தது.

முதலில் பழைய சிடி. தையல்காரம்மாவின் தம்பி கம்ப்யூட்டர் கற்றுக்கொள்கிறேன் என்று வாங்கி, கற்றுக்கொள்ளாமல் விட்ட இருபது சிடிகளை நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். வெயிலில் பளிச்சென்று மின்னும், பறவைக்குக் கண் கூசும் என்று ஏற்பாடு. மறுநாள் காலை மாப்பிள்ளை ஒரு சிடிக்கு முன்னால் நின்று கழுத்தைத் திருப்பித் திருப்பித் தலை வாரிக்கொண்டிருந்தார். அதற்கு மறுநாள் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். மாடி, சலூன் ஆகிவிட்டது.

அடுத்தது சோளக்கொல்லைப் பொம்மை. பல்செட்டுக்காரரின் சட்டை, டிரவுசர், தலைக்கு ஒரு கவிழ்த்த சட்டி. அது என்னவோ அவரை அப்படியே உரித்து வைத்தது. தொட்டி கழுவ வந்தவர் அதனிடம் பத்து நிமிடம் தண்ணீர் பிரச்சினை பற்றிப் பேசிவிட்டு, "உங்க வீட்டுக்காரர் ரொம்ப பொறுமைசாலிம்மா, குறுக்க ஒரு வார்த்தை பேசலை" என்று தையல்காரம்மாவிடம் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார். மாப்பிள்ளையோ பொம்மையின் தோளில் உட்கார்ந்து, சாப்பாட்டுக்கு முன்னால் வயிற்றைக் காலிசெய்துகொண்டார்.

"உங்க மேல பறவைக்குக்கூட பயம் இல்லையே" என்றாள் அவள்.

"உனக்கு இருக்கா?"

"எனக்கு எதுக்கு இருக்கணும்?"

"அப்ப அதுக்கு மட்டும் எதுக்கு இருக்கணும்?"

மூன்றாவது கொசுவலை. கம்பெனியில் பன்னிரண்டு மடிப்பு வைத்து வெட்டுகிற கை, வீட்டுக் கொசுவலையை அளவாக வெட்டி, ஓரம் அடித்து, அழகான கூடாரமாக்கியது. ஒரே ஒரு மூலையில் கல் வைக்க மறந்துவிட்டார்கள். மாப்பிள்ளை அந்த வழியாக உள்ளே போய், காற்றோட்டமான தனி அறையில், கொசுத்தொல்லை இல்லாமல் விருந்து முடித்தார். வெளியே வர வழி தெரியாமல் அவர் போட்ட கூச்சலில் மூன்றாம் மாடிக்காரர்கள் ஓடிவந்தார்கள். இருவரும் கூடாரத்தைத் தூக்கி அவரை வழியனுப்பும்போது வலை டர்ரென்று கிழிந்தது. அன்று ராத்திரி வீட்டில் கொசுக்கடி. மாடியில் பழமும் இல்லை.

இன்னும் பதினாலு நாள். செடியில் மிச்சம் இருந்தது வெள்ளைக் காய்கள் மட்டும்.

"ஊர் வாய்க்கெல்லாம் பல்லு கட்டிக் குடுக்கறீங்க" என்றாள் தையல்காரம்மா, காலைச் சொறிந்துகொண்டே. "என் வாய்க்கு ஒரு பழம் காப்பாத்திக் குடுக்க முடியலை." விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லி முடித்தபோது குரல் கொஞ்சம் பிசிறியது. அவருக்குச் சுருக்கென்றது.

மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு யோசனையோடு வந்தாள். "பட்டனுக்குக் காஜா எடுக்கற அக்கா சொன்னாங்க. பழம் பழுக்கறதுக்கு முன்னாடியே கூழாங்கல்லுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடிச்சுச் செடில போட்டுடணுமாம். பறவை கொத்திக் கொத்திப் பார்த்துட்டு, சிவப்புன்னாலே கல்லுன்னு வெறுத்துப் போயிடுமாம். ஒரு பத்துக் கல்லுக்குப் பெயிண்ட் அடிச்சுக் குடுங்க. அவ்வளவுதான்."

கல்லுக்குப் பெயிண்ட் அடிப்பதா? பல்செட்டுக்காரர் அவளைப் பார்த்த பார்வையில் ஒரு கலைஞனின் காயம் தெரிந்தது.

பட்டறையில் காலாவதியான அக்ரிலிக் பவுடர் இரண்டு டப்பா சும்மா கிடந்தது. மாப்பிள்ளை கொத்திப் போட்டதில் வடிவம் கெடாத ஒரு பழத்தைத் தேடி எடுத்துவந்து அளவெடுத்தார், வாயில் அளவெடுக்கிற அதே பசையில். மெழுகில் வார்த்தார். பிளாஸ்டரில் அச்சு எடுத்தார். ஈறு நிறம் போதாது என்று சிவப்புச் சாயம் கலந்து, வெந்நீரில் வேகவைத்து, இறுகியதும் நுண்ணிய ஊசியால் ஒவ்வொரு விதைக் குழியையும் தனித்தனியாகக் குடைந்தார். காம்புப் பக்கம் லேசாக வெளுப்பு. முழுக்கச் சிவந்திருந்தால் பொய் மாதிரி இருக்குமாம். கடைசியில் பாலிஷ் சக்கரத்தில் பிடித்தார். இரண்டு நாளில் நாற்பது பழம். மூன்று டாக்டர்கள் போன் போட்டு "எங்க செட் என்னாச்சு?" என்று கேட்டார்கள். "பழுத்துக்கிட்டிருக்கு சார்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

தையல்காரம்மா ஒன்றைக் கையில் எடுத்து, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். "அடப்பாவி மனுஷா" என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான் என்று அவர் மனசில் எழுதிவைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை ஆறேகால். இருவரும் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். மாப்பிள்ளை வந்தார். இடப்பக்கம், வலப்பக்கம். நாற்பது பழத்தைப் பார்த்ததும் அவருக்கே கொஞ்சம் தலை சுற்றியிருக்க வேண்டும். இறங்கினார். நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கொத்தினார்.

டக்.

மாப்பிள்ளை அப்படியே நின்றார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். அடுத்ததைக் கொத்தினார். டக். அதற்கடுத்தது. டக். பிறகு மூக்கைச் சுவரில் இரண்டு தேய்ப்புத் தேய்த்துவிட்டு, அவமானப்பட்ட மனிதரைப் போல நடந்தே சுவரின் கடைசி வரை போய், அங்கிருந்து பறந்தார். தொட்டிக்குப் பின்னால் தையல்காரம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். பல்செட்டுக்காரருக்கு மூச்சு முட்டியது. இரண்டு பேரும் சிரித்து முடித்து எழுந்தபோது அவள் வேலைக்கு அரை மணி தாமதம்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை ஒன்றை மட்டும் கொத்திப் பார்த்தார். சனிக்கிழமை சுவரில் உட்கார்ந்து ஏசிவிட்டுப் போனார். அடுத்த வாரம் முழுக்க எதிர்க் கட்டடத்திலேயே இருந்தார். இலைகளுக்கடியில் நிஜக் காய்கள் நிம்மதியாக, ஒவ்வொன்றாகச் சிவந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் முப்பத்தொரு பழம் பறித்தாள். எவர்சில்வர் தட்டில் அடுக்கி, ஈரத்துணி போர்த்தி, தொட்டி நிழலில் வைத்தாள். "டூப்பையெல்லாம் பொறுக்கிக் கீழ கொண்டுபோயிடுங்க. நான் நல்ல புடவை ஒண்ணு கட்டிக்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

அவரும் பொறுக்கினார். இன்னொரு எவர்சில்வர் தட்டில் போட்டார். அப்படியே எடுத்துக்கொண்டு இறங்கியிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் மாப்பிள்ளையின் மூக்கு பட்டு சில பழங்களில் கீறல் விழுந்திருந்தது. தன் கையால் செய்த ஒன்று கீறலோடு கிடப்பதை அவரால் சகிக்க முடியவில்லை. சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் பாலிஷ் துணியை எடுத்தார். ஸ்டூலில் தட்டை வைத்து, ஒவ்வொன்றாகத் துடைத்து, பளபளப்பானதெல்லாம் மேலே வருகிற மாதிரி அடுக்கினார். நாற்பதாவதைத் துடைத்து வைத்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்று அழகு பார்த்தபோது பின்னால் இருமல் சத்தம்.

தலைவர். கால் மணி நேரம் முன்னதாக. அவர் பின்னால் நோட்டும் பேனாவுமாகச் செயலாளர்.

"ஓ!" என்றார் தலைவர், ஸ்டூலைப் பார்த்து.

"சார், அது வந்து..."

"குறுக்க பேசாதீங்க தம்பி." தலைவர் கையை உயர்த்தினார். அவர் வாழ்நாளில் யாரையும் ஒரு வாக்கியம் முடிக்க விட்டதில்லை. "நான் ஒப்புக்கொள்கிறேன். தோற்றம் நன்று. ஆனால் தோற்றம் மட்டுமே தரம் ஆகிவிடுமா?"

"இல்ல சார், இது நிஜ..."

"நிஜம்! அதைத்தான் சொல்ல வந்தேன். நிஜத்தை எப்படி அறிவது? சுவைத்து. வேற்று வாய் சொல்லக் கேட்டு அல்ல, சொந்தப் பல்லால் கடித்து." செயலாளர் பக்கம் திரும்பினார். "சொந்தப் பல்லால்னு எழுதிக்கங்க."

"சார், தயவுபண்ணி..."

தலைவர் தட்டின் உச்சியில் இருந்ததை, இருப்பதிலேயே பெரியதை, மாப்பிள்ளை முதல் நாள் தேர்ந்தெடுத்த அதே பழத்தை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். கடித்தார்.

டக்.

அதற்குள்ளேயே இன்னொரு சின்னச் சத்தமும் இருந்தது. செயலாளருக்குக் கேட்கவில்லை. பல்செட்டுக்காரருக்குக் கேட்டது. பெற்ற பிள்ளை கீழே விழுந்த சத்தம் அடுத்த தெருவிலிருந்து வந்தாலும் தாய்க்குத் தெரியும். நானூற்றுப் பன்னிரண்டு நடுவோடு பிளந்திருந்தது.

தலைவர் கண்ணைத் திறந்தார். அது திறந்துகொண்டே போனது. உதடுகள் மட்டும் இறுக மூடியிருந்தன. திறந்தால் எழுபத்திரண்டு வருட ஒழுக்கம் இரண்டு துண்டாகக் கீழே விழும். கையிலிருந்த பழத்தை யாரும் பார்க்காமல் ஜிப்பாப் பைக்குள் நழுவவிட்டார்.

"தலைவரே, பழம் எப்படி இருக்கு?" என்றாள் செயலாளர்.

தலைவர் தலையசைத்தார்.

"நல்லா இருக்கா?"

வேகமாகத் தலையசைத்தார்.

"அப்ப மூலை அவங்களுக்கே இருக்கட்டுமா? இருக்கை வேணாமா?"

தலைவர் ஒரு விநாடி தயங்கினார். தாடை ஒரு பக்கமாக நகர்வதைப் பல்செட்டுக்காரர் பார்த்தார். ஒரு துண்டு இடம் பெயர்கிறது. தலைவர் அவசர அவசரமாக, பூம்பூம் மாடு மாதிரி, மேலும் கீழும் தலையாட்டினார். கண்ணில் நீர் கோத்திருந்தது.

செயலாளர் நெகிழ்ந்துபோனாள். எழுதியதை உரக்கப் படித்தாள்: "தலைவர் அவர்கள் பழத்தைச் சொந்தப் பல்லால் கடித்துச் சுவைத்து, பேச்சு எழாத அளவுக்கு மகிழ்ந்து, கண்கலங்கி, மும்முறை தலையசைத்து ஒப்புதல் அளித்தார்கள்." ஆறு மாதத்தில் தலைவர் பேசாமல் நிறைவேறிய முதல் தீர்மானம் அது.

அந்த நேரம் பார்த்து நல்ல புடவையில் மேலே வந்த தையல்காரம்மா ஸ்டூலைப் பார்த்தாள், தலைவரைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். செயலாளரின் கை "நானும் ஒண்ணு" என்று தட்டை நோக்கி நீள்வதையும் பார்த்தாள்.

"ஐயோ, அது வேணாம், வெயில்ல இருந்தது!" தட்டைப் பிடுங்கி முந்தானைக்குள் மறைத்தவள், அதே கையோடு தொட்டி நிழலிலிருந்து நிஜத் தட்டை நீட்டினாள். "இதுல எடு கண்ணு."

செயலாளர் கடித்தாள். சாறு முகவாயில் வழிந்தது. "ஐயோ அக்கா!" என்றாள். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

தலைவர் அதற்குள் பல்செட்டுக்காரரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தார்.

பட்டறைக்கு ஞாயிறு விடுமுறை. கதவைச் சாத்தியதும் தலைவர் உள்ளங்கையில் இரண்டு துண்டையும் துப்பினார். மேலுதடு உள்ளே போய், முகமே பாதியாகிவிட்டது.

"ஹம்பி" என்றார். "யாருக்கும் ஹெரியக் கூடாது. டாக்டர்கிட்ட புது அளவு எடுக்கணுமா?"

"வேணாம் சார். அச்சு என்கிட்டயே இருக்கு." அலமாரியிலிருந்து பிளாஸ்டர் வார்ப்பை எடுத்து மேஜையில் வைத்தார். பக்கவாட்டில் பென்சிலில் 412.

தலைவர் எண்ணைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "ஆறு மாசமா ஹெரியுமா?"

"தெரியும் சார்."

"ஒவ்வொரு கூட்டத்துலயும் நான் சொல்றப்ப..."

"செருப்பைப் பார்த்துப்பேன் சார்."

தலைவர் இரண்டு துண்டையும் மேஜையில் வைத்தார். பல்செட்டுக்காரர் இரண்டு துண்டையும் பொருத்தி, விரிசலை அகலமாக்கி, சூடு இல்லாமலே இறுகும் பவுடரைக் குழைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டார். முக்கால் மணி நேரம். அத்தனை நேரமும் தலைவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. மாடிப் பொம்மையே தேவலாம் என்கிற அளவுக்கு அமைதி.

திரும்ப மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தவர், மெதுவாகக் கேட்டார்: "அந்த இடது கோரைப்பல் கொஞ்சம் திரும்பியிருக்கே, அது தப்பா?"

"இல்ல சார். அது இருக்கறதாலதான் எல்லாரும் நம்பறாங்க."

இருவரும் மாடிக்கு ஏறியபோது தையல்காரம்மா வாளிகளுக்கு நடுவில் குந்தியிருந்தாள். பக்கத்தில் நிஜத் தட்டு. தலைவரைப் பார்த்ததும் எழுந்து தட்டை நீட்டினாள். "சார், ரொம்ப சந்தோஷம். இன்னொண்ணு எடுத்துக்கங்க."

தலைவரின் கை பாதிவரை நீண்டது. நின்றது. தட்டை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார், அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார். சிவப்பாக, பளபளப்பாக, ஒன்றைப் போலவே மற்றொன்று.

"வேண்டாம்மா. சுவை ஏற்கெனவே பதிவாகிவிட்டது" என்று சொல்லிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினார்.

"என்ன ஆச்சு இவருக்கு? காலைல அந்த டூப்பையா கடிச்சாரு?" என்றாள் அவள்.

"பழம் பிடிச்சுப்போய்ப் பேச்சு நின்னுபோச்சு. நோட்டுல எழுதியிருக்கே."

"பல்லுக்கு ஒண்ணும் ஆகலையா?"

"சொந்தப் பல்லாச்சே. ஒழுக்கம்."

அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். "உங்க வாயை எந்த டாக்டராலயும் திறக்க முடியாது" என்று விட்டுவிட்டாள்.

சுவரில் சிறகடிக்கும் சத்தம். மாப்பிள்ளை. ஒரு வாரத்துக்குப் பிறகு நிலைமையைப் பார்த்துப் போக வந்திருந்தார். தையல்காரம்மாவுக்கு இருந்த குதூகலத்தில் நல்ல பழமாக ஒன்றை எடுத்துச் சுவரில் வைத்தாள். "போனாப் போகுது, சாப்பிடுங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை அதை நோக்கி நடந்தார். நின்றார். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார், அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார். பிறகு, தலைவர் போன அதே மிடுக்கோடு, திரும்பிப் பறந்துவிட்டார்.

சுவரில் இருந்த பழத்தை அவள் எடுத்து, காம்பைக் கிள்ளி, முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள். இரண்டு வருடத்தில் முதல் முழுப் பழம். பல்செட்டுக்காரர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மென்றாள். கண்ணைச் சுருக்கினாள்.

"எப்படி இருக்கு?"

"புளிக்குது" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே அடுத்ததை எடுத்தாள்.